ஒற்றைப் பீப்பாய் போர்பனைச் சுவைப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில் தயாராகும் போர்பன் விஸ்கியில் பெரும்பகுதி, பல பீப்பாய்களின் சரக்கைக் கலந்து நிரப்பப்படுவது. போன வருடம் வாங்கிய பாட்டிலும் இந்த வருடம் வாங்கும் பாட்டிலும் ஒரே சுவையில் இருக்க வேண்டும் என்பதற்காக, ஏராளமான பீப்பாய்களை ஒரே தொட்டியில் சேர்த்துச் சமன்செய்கிறார்கள். அது பெரிய திறமை. ஆனால் லேபிளில் ‘சிங்கிள் பேரல்’ என்று அச்சிட்டு வருவது வேறு வகை. ஒரே ஒரு பீப்பாயைத் திறந்து, அதில் எஞ்சியிருப்பதை மட்டும் பாட்டில்களில் நிரப்புகிறார்கள். ஒரு பீப்பாய்க்குச் சுமார் இருநூறு பாட்டில்கள் தேறலாம்; வயதையும் ஆவியான அளவையும் பொறுத்து அது கூடும், குறையும். அவை தீர்ந்தால் அந்தச் சுவையும் தீர்ந்தது. அதே வடிசாலை, அதே கிடங்கு, அடுத்த பீப்பாய் என்றாலும் அப்படியே திரும்ப வராது.

இதனால் சுவைக்கும் முறையும் மாற வேண்டியிருக்கிறது. ஒரு பிராண்டின் பெயரைத் தேடிப் பிடித்து, யாரோ எழுதிய சுவைக்குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் சொன்ன செர்ரியும் சாக்லேட்டும் கிடைக்கின்றனவா என்று துழாவுவதில் பயன் இல்லை. அவர் குடித்தது வேறொரு பீப்பாய். உங்கள் முன் இருக்கும் பீப்பாய்க்கு என்ன நேர்ந்தது என்று கேட்டபடி சுவைப்பதே சரியான வழி. எந்தத் தானியம், எந்த ஈஸ்ட், கிடங்கின் எந்தத் தளம், எத்தனை கோடைக்காலம் என்ற கேள்விகளுக்கெல்லாம் மூக்கும் நாக்கும் ஓரளவு பதில் சொல்லும். அந்தப் பதிலைக் கேட்கப் பழகுவதற்கான வழிமுறை இது.

பாட்டிலைத் திறக்கும் முன்பு தெரிந்திருக்க வேண்டியவை

போர்பன் என்ற பெயருக்கு அமெரிக்கச் சட்டம் கறாரான வரையறை வைத்திருக்கிறது. தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். வடித்தெடுக்கும்போது ஆல்கஹால் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பீப்பாய்க்குள் ஊற்றும்போது 62.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பாட்டிலில் நிரப்பும்போது 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. முதிரவைக்கும் கலம் உட்புறம் கருக்கிய புதிய ஓக் மரத்தாலானதாக இருக்க வேண்டும். தண்ணீரைத் தவிர வேறு எதையும் சேர்க்க அனுமதி இல்லை. நிறமும் கூடாது, இனிப்பும் கூடாது. 1964ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் போர்பனை அந்நாட்டுக்கே உரிய தனித்துவமான பொருள் என்று தீர்மானம் நிறைவேற்றியது. ஆகவே கெண்டக்கியில்தான் செய்ய வேண்டும் என்ற விதி இல்லை. அமெரிக்காவுக்குள் எங்கே செய்தாலும் போர்பன்தான்.

இந்த விதிகளில் சுவைப்பவர் மறக்கக் கூடாதது ‘புதிய’ என்ற சொல். ஸ்காட்லாந்தில் பெரும்பாலும் முன்பு போர்பனோ ஷெர்ரி ஒயினோ இருந்த பழைய பீப்பாய்களைப் பயன்படுத்துகிறார்கள். போர்பனுக்கோ ஒவ்வொரு முறையும் கன்னி மரம். சுமார் 200 லிட்டர் கொள்ளும் வெள்ளை ஓக் பீப்பாயின் உட்புறத்தை நெருப்பால் சில பத்து வினாடிகள் எரிக்கிறார்கள். மிக ஆழமாகக் கருக்கும்போது மரத்தின் மேற்பரப்பு முதலைத் தோலைப் போல வெடித்துவிடும். அந்த நான்காம் நிலைக் கருக்கலுக்கு ‘அலிகேட்டர் சார்’ என்றே தொழிலில் பெயர்.

அந்த நெருப்பு பல வேலைகளைச் செய்கிறது. மரத்தின் லிக்னின் சிதைந்து வெனிலின் உருவாகிறது. போர்பனில் வெனிலா மணம் வீசுவதற்கு இதுவே காரணம். ஹெமிசெல்லுலோஸ் உடைந்து சர்க்கரைகளாகிக் கருகுவதால் பாகு மணம் வருகிறது. ஓக்கில் இயல்பாகவே உள்ள லாக்டோன்கள் தேங்காய் வாசனையைத் தருகின்றன. கிராம்பில் இருக்கும் அதே யூஜினால் என்ற மணப்பொருள் ஓக்கிலும் உண்டு. கரிப்படலமோ, புதுச் சாராயத்தில் இருக்கும் கந்தக வாடையை ஈர்த்துக்கொள்கிறது.

அடுத்தது கிடங்கு. கெண்டக்கியில் கோடை 30 டிகிரியைத் தாண்டும். குளிர்காலம் உறைநிலைக்குக் கீழே போகும். வெப்பத்தில் விரிந்த சாராயம் மரத்துக்குள் புகுகிறது, குளிரில் சுருங்கி வெளியே வருகிறது. ஒவ்வொரு ஆண்டும் ஒரு பங்கு ஆவியாகிப் போய்விடும். அதைத்தான் ‘தேவதைகளின் பங்கு’ என்கிறார்கள். பல அடுக்குக் கிடங்குகளின் மேல்தளத்தில் வெப்பமும் வறட்சியும் அதிகம் என்பதால் ஆல்கஹாலை விடத் தண்ணீர் வேகமாக வெளியேறி, சாராயத்தின் வீரியம் ஏறுகிறது. குளிர்ந்த, ஈரமான கீழ்த்தளத்தில் ஏறாமலும் இருக்கலாம், இறங்கவும் செய்யலாம். ஒரே நாளில், ஒரே தொட்டியிலிருந்து நிரப்பிய இரண்டு பீப்பாய்கள் எட்டு ஆண்டுகள் கழித்து வெவ்வேறு விஸ்கிகளாக நிற்பது இதனால்தான். மேல்தளத்தில் மரத்தின் காரமும் துவர்ப்பும் ஓங்கும். கீழ்த்தளத்தில் தானியமும் பழமும் மென்மையும் நிற்கும். பொதுவான போக்கு இதுதான், விதிவிலக்குகள் உண்டு என்றாலும்.

லேபிளைப் படிப்பது

ஒற்றைப் பீப்பாயைத் தனி பிராண்டாக நிலைநிறுத்தியது பிளாண்டன்ஸ். 1984இல், கெண்டக்கியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் இன்று பஃபலோ டிரேஸ் என்று அழைக்கப்படும் வடிசாலையில், எல்மர் டி. லீ அதை உருவாக்கினார். அமெரிக்கர்கள் வோட்காவின் பக்கம் சாய்ந்து, கெண்டக்கிக் கிடங்குகளில் போர்பன் தேங்கிக் கிடந்த காலம் அது. லீ வேலைக்குச் சேர்ந்தபோது தலைமைப் பொறுப்பில் இருந்தவர் ஆல்பர்ட் பி. பிளாண்டன். அவர் விருந்தினர்களுக்காகத் தகரச் சுவர் கொண்ட ‘ஹெச்’ கிடங்கின் நடுப்பகுதியிலிருந்து நல்ல பீப்பாய்களைத் தேர்ந்தெடுப்பார் என்பதை லீ நினைவில் வைத்திருந்தார். புதிய விஸ்கிக்கு அவர் பெயரையே வைத்தார். தகரம் வெளி வெப்பத்தையும் குளிரையும் உடனே உள்ளே கடத்தும். செங்கல் சுவர் தாமதப்படுத்தும். அதனால் ஹெச் கிடங்கில் சாராயம் மரத்துக்குள் போய்வருவது அதிகம்.

பிளாண்டன்ஸ் பாட்டிலைக் கையில் எடுத்தால் பீப்பாயைக் காலிசெய்த தேதி, பீப்பாய் எண், கிடங்கின் எழுத்து, அடுக்கு எண் எல்லாம் லேபிளில் இருக்கும். இவற்றை அலங்காரம் என்று கடந்துபோகாதீர்கள். நோட்டுப் புத்தகத்தில் முதலில் குறித்துக்கொள்ள வேண்டியவை இவைதான். ஆண்டுகள் கழித்து இன்னொரு பாட்டில் கிடைக்கும்போது ஒப்பிடுவதற்கு இவை மட்டுமே பிடிமானம். பாட்டிலின் மூடியில் நிற்கும் குதிரைவீரனுக்காக, மூடிக்கு ஒன்றாக வரும் பிராண்டுப் பெயரின் எட்டு எழுத்துகளையும் சேர்க்கும் ஆசையில் பாட்டில் பாட்டிலாக வாங்குவோர் பலர். அந்தக் குதிரைக்கும் உள்ளே இருக்கும் சுவைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஃபோர் ரோசஸ் இன்னும் வெளிப்படையானது. லாரன்ஸ்பர்க்கில் உள்ள அந்த வடிசாலை இரண்டு தானியக் கலவைகளையும் ஐந்து ஈஸ்ட் வகைகளையும் வைத்துப் பத்து வகைச் சாராயம் வடிக்கிறது. ‘பி’ கலவையில் 60 சதவீதம் மக்காச்சோளம், 35 சதவீதம் ரை என்ற காரமான தானியம், 5 சதவீதம் முளைகட்டிய பார்லி. ‘ஈ’ கலவையில் 75, 20, 5. ஈஸ்ட்டுகளில் ‘வி’ மென்மையான பழ மணத்துக்கும், ‘கே’ மெல்லிய காரத்துக்கும், ‘ஓ’ செறிந்த பழ மணத்துக்கும், ‘க்யூ’ பூ மணத்துக்கும், ‘எஃப்’ மூலிகை மணத்துக்கும் பெயர் பெற்றவை. 50 சதவீத ஆல்கஹாலில் வரும் அதன் வழக்கமான சிங்கிள் பேரல், ‘ஓபிஎஸ்வி’ என்ற குறியீட்டு வகை. அதில் இரண்டாவதாக வரும் ‘பி’ கலவையையும் கடைசியில் வரும் ‘வி’ ஈஸ்ட்டையும் குறிக்கும். அதாவது, ரை நிறைந்த கலவை, மென்மையான பழ ஈஸ்ட். மேலும், இவர்களுடைய கிடங்குகள் ஒரே தளம் கொண்டவை என்பதால் மேல், கீழ் என்ற வேறுபாடு குறைவு. புதிதாகப் பழகுபவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். ரையின் காரம் எது, ஈஸ்ட்டின் பழ மணம் எது, மரத்தின் இனிப்பு எது என்று பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல பாடம் இல்லை.

புரூஃப் என்ற எண்ணைக் கண்டால் பாதியாக்குங்கள்; 93 புரூஃப் என்றால் 46.5 சதவீத ஆல்கஹால். ‘ஸ்ட்ரெய்ட்’ என்றால் குறைந்தது இரண்டு ஆண்டு முதிர்ந்தது. நான்கு ஆண்டுக்குக் குறைவானால் வயதை அச்சிட்டே ஆக வேண்டும். வயது அச்சிடாத ஸ்ட்ரெய்ட் போர்பன் குறைந்தது நான்கு ஆண்டு என்று வைத்துக்கொள்ளலாம். ‘ஸ்மால் பேட்ச்’ (சிறு தொகுதி) என்பதற்குச் சட்ட வரையறை கிடையாது. அதை ஒற்றைப் பீப்பாயோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வயது கூடினால் தரம் கூடும் என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் தள்ளிவைக்கலாம். புதிய மரமும் கெண்டக்கி வெயிலும் சேர்ந்தால் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் பல பீப்பாய்கள் வெறும் மரத் துவர்ப்பாகிவிடுகின்றன. என் அனுபவத்தில் எட்டிலிருந்து பன்னிரண்டு ஆண்டுக்குள்தான் பெரும்பாலான நல்ல பீப்பாய்கள் அமைகின்றன.

அறை, குவளை, நேரம்

சாப்பாட்டுக்கு முன்பு, வயிறு முழுக்கக் காலியாகவும் இல்லாமல் நிறைந்தும் இல்லாமல் இருக்கும் நேரம் நல்லது. அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் காபி, வெற்றிலை, பற்பசை, காரம் எதுவும் வேண்டாம். அறையில் ஊதுவத்தி, மல்லிகைச் சரம், வாசனைத் திரவியம், சமையலறைத் தாளிப்பு எதுவும் இருக்கக் கூடாது. மூக்கு செய்யும் வேலைதான் இதில் முக்கால்வாசி.

வெப்பநிலையை நம் ஊரில் தனியாகக் கவனிக்க வேண்டும். விஸ்கிப் புத்தகங்கள் ‘அறை வெப்பநிலை’ என்று சொல்வது 20 டிகிரியை ஒட்டியது. சென்னையிலோ மதுரையிலோ மே மாதத்தில் அறை வெப்பம் 34 டிகிரி இருந்தால், குவளையில் ஊற்றியவுடன் ஆல்கஹால் ஆவி குபீரென்று எழும்பி மற்ற மணங்களை மூடிவிடும். குளிரூட்டிய அறையில் சுவையுங்கள். இல்லையென்றால் பாட்டிலைக் குளிர்ந்த நீரில் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்துத் துடைத்துவிட்டு ஊற்றுங்கள். உறையவைக்கும் அளவுக்குப் போக வேண்டாம். மிகவும் குளிர்ந்தால் மணம் அடங்கிவிடும்.

குவளை, அடி அகன்று வாய் குறுகியதாக இருக்க வேண்டும். ஸ்காட்லாந்து நிறுவனம் ஒன்று 2001இல் அறிமுகப்படுத்திய கிளென்கேர்ன் குவளை இதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. கிடைக்காவிட்டால் சிறிய ஒயின் குவளை போதும். அகன்ற வாய் கொண்ட சாதாரண விஸ்கி கிளாஸில் மணம் சிதறிவிடும். குவளையை முந்தின நாளே கழுவி, சோப்பு வாடை போகக் காயவைத்திருங்கள்.

அளவு 15 மி.லி. போதும், அதிகபட்சம் 30. சுவைப்பதும் குடிப்பதும் வேறு. 50 சதவீத விஸ்கியில் 30 மி.லி. என்றால் அதில் பாதி தூய ஆல்கஹால். மூன்று வகைகளை ஒப்பிடும் மாலையில் அது மூன்று மடங்காகும். பக்கத்தில் தண்ணீரும், உப்புக் குறைந்த பிஸ்கட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓட்ட வேண்டிய நாளில் இதைத் தொடவே வேண்டாம்.

பார்ப்பது

ஊற்றிய பிறகு ஐந்து முதல் பத்து நிமிடம் குவளையை அப்படியே விடுங்கள். இந்த நேரத்தில் நிறத்தைப் பார்க்கலாம், ஆனால் அதிலேயே தங்கிவிட வேண்டாம். போர்பனுக்கு நிறம் சேர்க்க அனுமதி இல்லை என்பதால் இங்கே நிறம் பொய் சொல்லாது. அடர்ந்த செம்பழுப்பு என்றால் மரத்தோடு நீண்ட உறவு, அல்லது தண்ணீர் குறைவாகச் சேர்த்த வீரியம். குவளையின் சுவரில் கண்ணீர் போல இறங்கும் கோடுகளைப் பார்த்துத் தரத்தை அளக்கும் வழக்கம் ஒன்று உண்டு. ஆல்கஹாலும் தண்ணீரும் வேறு வேறு வேகத்தில் ஆவியாவதால் மேற்பரப்பு இழுவிசை மாறி அந்தக் கோடுகள் உருவாகின்றன. வீரியத்தைப் பற்றி அவை ஏதோ சொல்லும். தரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

முகர்வது

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். குவளையை ஒயின்போலச் சுழற்றாதீர்கள். ஆல்கஹால் ஆவி பெருகி மூக்கை மரத்துப்போகச் செய்யும். வாயைச் சற்றுத் திறந்தபடி, குவளையை முதலில் தாடை உயரத்தில் பிடித்து மெதுவாக மேலே கொண்டுவாருங்கள். மணம் முதலில் எட்டும் இடத்தில் நிறுத்துங்கள். அந்தத் தூரத்தில் கிடைப்பது பெரும்பாலும் வெனிலா, பாகு, பழம். பிறகு குவளையின் விளிம்பு வரை வாருங்கள். மூக்கை உள்ளே நுழைக்க வேண்டாம். விளிம்பின் கீழ்ப்பக்கத்தையும் மேல்பக்கத்தையும் தனித்தனியே முகர்ந்து பாருங்கள். ஒன்றில் கனமான மர வாசனையும் இன்னொன்றில் லேசான பழ வாசனையும் கிடைப்பதுண்டு. ஒவ்வொரு நாசித் துவாரத்தாலும் தனியாக முகர்ந்தாலும் வேறுபாடு தெரியும்.

முதல் சில நொடிகளில் நகப்பூச்சு வாடை வந்தால் பயப்பட வேண்டாம். முதிரும்போது உருவாகும் எத்தில் அசிடேட் அது. கொஞ்ச நேரத்தில் விலகும். விலகாமல் நிலைத்து நின்றால் அது குறை. மூக்கு களைத்துவிட்டால் உங்கள் சட்டைக் கையையோ முன்கைத் தோலையோ முகருங்கள். சொந்த உடல் வாசனை மூக்கை மறுபடி சமநிலைக்குக் கொண்டுவரும்.

இப்போது பெயர் வைக்கும் வேலை. அமெரிக்கர்கள் எழுதும் குறிப்புகளில் பெக்கன் கொட்டை, மேப்பிள் பாகு, ரூட் பியர் என்று வரும். அவை அவர்களுடைய சிறுவயது வாசனைகள். நீங்கள் சாப்பிட்டறியாத ஒன்றை உங்கள் மூக்கால் அடையாளம் காண முடியாது, காண வேண்டியதும் இல்லை. நம் மூக்குக்கு வேறு பெரிய பெட்டகம் இருக்கிறது. கருக்கிய மரத்திலிருந்து வரும் இனிப்பில் பல படிகள் உண்டு. பனங்கற்கண்டா, வெல்லப்பாகா, கருப்பட்டியா என்று நம்மால் நுணுக்கமாகச் சொல்ல முடியும். மேல்தளப் பீப்பாய்களில் பெரும்பாலும் எனக்குக் கிடைப்பது கருப்பட்டி. இளமையான, கீழ்த்தளச் சாயல் உள்ளவற்றில் பனங்கற்கண்டு. லாக்டோன் தரும் தேங்காய் மணம், துருவிய பச்சைத் தேங்காயா, வறுத்த கொப்பரையா? ரையின் காரம், வால்மிளகா, சுக்கா, பட்டையா? ஈஸ்ட் தரும் பழ மணத்தில் வாழைப்பழம் உண்டு. அதற்குக் காரணமான ஐசோஅமைல் அசிடேட் வாழைப்பழத்திலும் இருப்பதுதான். அது பூவன் பழமா, நன்கு கனிந்த நேந்திரனா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிராம்பு என்று தோன்றினால் தயங்காமல் எழுதுங்கள். அது கற்பனை அல்ல, யூஜினால்.

மணங்களை மூன்று குடும்பமாகப் பிரித்து எழுதும் பழக்கம் எனக்கு மிகவும் உதவியிருக்கிறது. தானியத்திலிருந்து வந்தவை: வறுத்த சோளம், ரையின் காரம், ரொட்டி வாசனை. நொதித்தலிலிருந்து வந்தவை: பழம், பூ. மரத்திலிருந்தும் நெருப்பிலிருந்தும் வந்தவை: வெனிலா, பாகு, தேங்காய், கிராம்பு, புகையிலை, தோல். எந்தக் குடும்பம் உரத்துப் பேசுகிறது என்று பார்த்தால் பீப்பாயின் கதை பாதி விளங்கிவிடும். மரம் மட்டுமே பேசினால் அதிக காலம் அல்லது அதிக வெப்பம். தானியம் மட்டுமே பேசினால் இன்னும் கொஞ்ச காலம் கிடங்கில் இருந்திருக்கலாம். மூன்றும் ஒன்றையொன்று மூடாமல் இருந்தால் அது தேர்ந்தெடுத்த பீப்பாய். அந்த மூன்றையும் சமமாகக் கேட்கும்போது வரும் மகிழ்ச்சிக்காகத்தான் இவ்வளவு பாடும்.

முதல் மிடறும் அதற்குப் பின்பும்

முதல் மிடறைக் கணக்கில் எடுக்காதீர்கள். அரைத் தேக்கரண்டி அளவு வாயில் விட்டு நாக்கு முழுவதும் படரவிட்டு விழுங்குங்கள். வாய் எரியும், உமிழ்நீர் சுரக்கும். அந்த எரிச்சலை விஸ்கியின் குணம் என்று முடிவுகட்ட வேண்டாம். வாய் ஆல்கஹாலுக்குப் பழகும் நேரம் அது. ஒரு நிமிடம் காத்திருங்கள்.

இரண்டாவது மிடறுதான் சுவைப்பது. வாயில் வைத்து, மென்று தின்பதுபோலத் தாடையை அசையுங்கள். ஜிம் பீம் என்ற போர்பன் தயாரிப்புக் குடும்பத்தைச் சேர்ந்த புக்கர் நோ பிரபலப்படுத்திய இந்த முறையைக் ‘கெண்டக்கி மெல்லல்’ என்கிறார்கள். விஸ்கி நாக்கின் அடியிலும் ஈறுகளிலும் படும்; உமிழ்நீரோடு கலந்து வீரியம் குறையும்போது புதிய சுவைகள் திறக்கும். ஐந்து முதல் பத்து வினாடி போதும். இப்போது மூன்று கட்டமாகக் கவனியுங்கள். நாக்கில் பட்டவுடன் எழுவது பெரும்பாலும் இனிப்பு. நடுவில் தானியத்தின் காரமும் பழமும் வரும். கடைசியில் மரத்தின் துவர்ப்பு. நடுக்கட்டம் வெறுமையாக இருந்தால், அதாவது இனிப்புக்கு அடுத்து நேராகத் துவர்ப்பு வந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அது சாதாரணப் பீப்பாய்தான்.

சுவையோடு சேர்த்து அதன் கனத்தையும் பாருங்கள். சில போர்பன்கள் எண்ணெய்ப் பதத்தில் நாக்கை மூடும், சில தண்ணீர்போல ஓடும். நிறுவனங்கள் குளிர்வித்து வடிகட்டும்போது கொழுப்பு அமில எஸ்டர்கள் கொஞ்சம் நீங்குகின்றன; குளிரில் விஸ்கி மங்கலாகாமல் இருக்கச் செய்யும் வேலை அது. அப்படி வடிகட்டாமல் 55 சதவீதத்தில் வரும் ரஸ்ஸல்ஸ் ரிசர்வ் சிங்கிள் பேரலில் அந்தக் கனம் நன்றாகத் தெரியும். வைல்ட் டர்க்கி வடிசாலையில் பல பத்தாண்டுகள் பணியாற்றிய ஜிம்மி ரஸ்ஸலின் பெயரைத் தாங்கிய வரிசை அது. நான்காம் நிலைக் கருக்கல் என்ன செய்யும் என்பதற்கும் அதுவே நல்ல சாட்சி.

விழுங்கியதும் வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை வெளியே விடுங்கள். தொண்டையின் பின்புறமாக ஏறும் மணம் முன்பு முகர்ந்ததிலிருந்து வேறாக இருக்கும். தோல், புகையிலை, கருப்புத் தேநீர் போன்ற ஆழமான மணங்கள் பல நேரம் இங்கேதான் முதன்முதலில் தலைகாட்டும். மார்பில் இதமாகப் பரவும் சூட்டைக் ‘கெண்டக்கி அணைப்பு’ என்று அங்கே சொல்வார்கள். தொண்டையை அறுக்கும் சூடு வேறு, மார்பில் இறங்கும் சூடு வேறு. விழுங்கிய பின் கடைசியாக எது மறைகிறது என்று எழுதிவையுங்கள். நீண்ட நேரம் நின்றது என்பதைவிட, எது நின்றது என்பதே முக்கியம். கசப்பு நீண்ட நேரம் நின்றால் அதில் பெருமை இல்லை.

தண்ணீர்

தண்ணீர் சேர்ப்பதை அவமரியாதை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பீப்பாய்களைத் தேர்ந்தெடுக்கும் வடிசாலை வல்லுநர்களே தண்ணீர் விட்டுத்தான் பார்க்கிறார்கள்; உங்கள் பாட்டிலில் இருப்பதிலும், பீப்பாய் வீரியத்திலேயே நிரப்பியதாக இல்லாவிட்டால், ஏற்கெனவே தண்ணீர் சேர்ந்திருக்கிறது. 2017இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் கணினி மாதிரிகளைக் கொண்டு காட்டியது சுவையான செய்தி. விஸ்கியின் புகை மணத்துக்குக் காரணமான குவையகால் போன்ற மூலக்கூறுகள், ஆல்கஹால் அடர்ந்திருக்கும்போது உள்ளேயே கரைந்து கிடக்கின்றன. நீர்த்துப்போகும்போது மேற்பரப்புக்கு வருகின்றன. மேற்பரப்பில் இருப்பதுதான் மூக்குக்கு எட்டும்.

முதல் பாதியை எதுவும் சேர்க்காமல் சுவைத்து முடித்த பிறகு, மீதிக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். சிறு மருந்துச் சொட்டுக்குழல் வசதியானது. கேன் தண்ணீரில் வாடை இல்லையென்று உறுதிசெய்துகொள்ளுங்கள். குளோரின் வாடையுள்ள குழாய்த் தண்ணீர் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். கணக்கு எளியது: 50 சதவீத விஸ்கி 30 மி.லி.யில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லி. தண்ணீர் சேர்ந்தால் ஏறத்தாழ 43 சதவீதமாகிறது. ஒவ்வொரு முறை விட்ட பிறகும் இரண்டு நிமிடம் விட்டு மறுபடி முகருங்கள். ஒரு கட்டத்தில் பழமும் பூவும் மேலே வரும். அதைத் தாண்டினால் சுவை சட்டென்று சரிந்து மரக் கசப்பு மட்டும் மிஞ்சும். அந்த எல்லை பீப்பாய்க்குப் பீப்பாய் மாறும், அதையும் குறித்துவையுங்கள். 46.5 சதவீதத்தில் வரும் பிளாண்டன்ஸுக்குச் சில சொட்டுகளுக்கு மேல் தாங்காது என்பது என் முடிவு.

ஐஸ், சோடா, கோலா பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு பீப்பாயை அறிந்துகொள்ளும் நோக்கம் இருக்கும்வரை அவற்றுக்கு இங்கே இடம் இல்லை. அறிந்துகொண்ட பிறகு, உங்கள் பாட்டில், உங்கள் விருப்பம்.

இரண்டு பீப்பாய்களை அருகருகே வைப்பது

தனியாக ஒன்றைச் சுவைத்துக் கற்பதைவிட, இரண்டை அருகருகே வைத்துக் கற்பது பல மடங்கு வேகமானது. அதிலும் சிறந்தது, ஒரே பிராண்டின் வெவ்வேறு பீப்பாய் எண் கொண்ட இரண்டு பாட்டில்கள். நண்பர்கள் இருவர் ஆளுக்கொன்று வாங்கி, எண்ணைச் சரிபார்த்து, பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டால் செலவும் குறையும். மூன்று குவளைகள் எடுங்கள். இரண்டில் ஒரே பீப்பாய், ஒன்றில் மற்றது. குவளைகளின் அடியில் அடையாளம் ஒட்டி, வேறொருவரை இடம் மாற்றி வைக்கச் சொல்லுங்கள். வேறுபட்டது எது என்று கண்டுபிடியுங்கள். முதலில் சொன்ன எல்லாவற்றையும் நம்ப வேண்டியதில்லை, இந்தச் சோதனையைச் செய்து பார்த்தால் போதும். தானியம் ஒன்று, ஈஸ்ட் ஒன்று, வீரியம் ஒன்று; மரமும் இடமும் மட்டுமே வேறு. அந்த வேறுபாட்டை மூக்கு பிடிக்கும் கணத்தில் ஒற்றைப் பீப்பாய் என்பதன் முழுப் பொருளும் கைக்கு வந்துவிடுகிறது.

வெவ்வேறு பிராண்டுகளை ஒப்பிட்டால் வீரியம் குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போங்கள்: பிளாண்டன்ஸ், பிறகு ஃபோர் ரோசஸ், கடைசியில் ரஸ்ஸல்ஸ் ரிசர்வ். 60 சதவீதத்தில் வரும் நாப் கிரீக் சிங்கிள் பேரலைச் சேர்ப்பதானால் அது எல்லாவற்றுக்கும் பின்னால். ஒரு மாலைக்கு மூன்று அல்லது நான்குக்கு மேல் வேண்டாம். அதன் பிறகு நாக்கு சொல்வதை நம்ப முடியாது. விலையையும் பெயரையும் மறைத்துச் சுவைத்தால், கறுப்புச் சந்தையில் பல மடங்கு விலை சொல்லும் பாட்டிலை அமைதியான ஒரு சாதாரண பாட்டில் முந்துவதை அடிக்கடி பார்ப்பீர்கள். பிளாண்டன்ஸ் நல்ல விஸ்கி. ஆனால் அதற்கு இன்று சிலர் கேட்கும் விலையைக் கொடுக்கச் சொல்லி நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

திறந்த பாட்டிலைப் பேணுவது

ஒயின் பாட்டிலைப்போலப் படுக்கவைக்கக் கூடாது. வீரியமான ஆல்கஹால் தக்கையை அரித்து, விஸ்கிக்கு வாடை ஏற்றிவிடும். நேராக நிறுத்தி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். நம் ஊர் வெப்பத்தில் வீட்டின் மிகக் குளிர்ந்த, இருண்ட மூலையைத் தேர்ந்தெடுப்பது அவசியம். மாடியறையின் மேல் அலமாரி வேண்டவே வேண்டாம்.

திறந்த முதல் நாளில் இறுக்கமாக இருக்கும் விஸ்கி இரண்டு, மூன்று வாரத்தில் காற்றுப்பட்டு இளகி, இனிப்பும் பழமும் கூடுவதைப் பலமுறை கவனித்திருக்கிறேன். ஆகவே முதல் நாள் தீர்ப்பு எழுத வேண்டாம். திறந்த அன்று, பாட்டில் தோள்வரை இறங்கியபோது, பாதியானபோது என மூன்று முறை குறிப்பெழுதுங்கள். கால் பாட்டிலுக்குக் கீழே இறங்கிவிட்டால் உள்ளே காற்று அதிகமாகி மணம் தட்டையாகத் தொடங்கும். சில மாதங்களில் முடித்துவிடுவது நல்லது.

பாட்டில் முடியும் முன்பு அதிலிருந்து 50 மி.லி.யைச் சிறு கண்ணாடிக் குப்பியில் விளிம்புவரை நிரப்பி, இறுக மூடி, பீப்பாய் எண்ணையும் தேதியையும் ஒட்டி வையுங்கள். அதே பிராண்டின் அடுத்த பீப்பாய் கைக்கு வரும்போது, இரண்டையும் அருகருகே ஊற்றிப் பழைய குறிப்பைத் திறவாமல் முதலில் முகருங்கள். எழுதி முடித்த பிறகு இரண்டு பக்கங்களையும் ஒப்பிடுங்கள்.